ஏரி வைத்துக்கொண்டது

தண்ணீருக்குள் கையை விட்டால் குளிர் எலும்புக்குள் போய் நிற்கும். வெளியே எடுத்த பிறகும் விரல்கள் நம்முடையவைதானா என்று சந்தேகம் வரும். சுவிஸில் நாங்கள் இருந்த பிரியன்ஸ் ஏரியை நினைத்தால் முதலில் அந்தக் குளிர்தான் வருகிறது, பிறகுதான் நிறம். அம்மா அதை "மயில் பச்சை" என்பார். "இவ்வளவு வடிவான தண்ணி, கறிக்கு ஒரு நல்ல மீன் இல்லை" என்றும் குறைப்படுவார்.

ஒரு காலத்தில் பனியாறு ஒன்று மலைகளுக்கு நடுவே குடைந்த பள்ளம் அது. பனி உருகிப் பின்வாங்க, தண்ணீர் நிரம்பியது. ரோடும் ரயிலும் வரும்வரை மாடும் மனிதரும் பாற்கட்டியும் படகில்தான் போனார்களாம். எங்கள் காலத்தில் அதே வழியில் வெள்ளைக் கப்பல்கள் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிப் போயின. மேலே எஞ்சியிருந்த பனியாறுகள் பாறையை மாவாக அரைத்துக் கீழே அனுப்ப, ஆரே ஆறு "அரிசி கழுவின தண்ணி" போல ஏரிக்குள் நுழையும், மறு பக்கத்தால் தெளிந்து வெளியே போகும். ஒரு நாள் ஆசிரியை இரண்டு பக்கத்துத் தண்ணீரையும் போத்தல்களில் கொண்டுவந்து, "மாவு எங்கே போனது?" என்று கேட்டார். அது ஏரியின் அடியில் படிந்துவிட்டது என்று எனக்குத் தெரியும். கையை உயர்த்தத்தான் வெட்கமாக இருந்தது.

ஏரிக்கரை ஹோட்டல் குசினியில் வேலை செய்த அப்பா, எனக்குப் பன்னிரண்டு வயதாக இருந்தபோது மாரடைப்பில் போய்விட்டார். சாம்பலைப் படகில் கொண்டுபோய் ஏரியில் விட்டோம். அடுத்த வருடம் அம்மாவின் தம்பி எங்களை இலண்டனுக்குக் கூப்பிட்டுக்கொண்டார். இரண்டாயிரங்களின் தொடக்கம் அது. பிளேஸ்டோவில் மாமா வீட்டு மேல் அறையில் இருந்தோம். ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர். எனக்கு ஆங்கிலம் வராது, ஜெர்மன் பேச ஆளில்லை. பள்ளிக்கூடத்தில் ஒரு வார்த்தையும் பேசாமல் வீட்டுக்கு வந்த நாட்கள் உண்டு.

அம்மாவுக்கோ வேறு கவலை. ஆடி அமாவாசை நெருங்க நெருங்கச் சாப்பாடு இறங்கவில்லை. "அவரைத் தனிய அந்தத் தண்ணிக்குள்ள விட்டிட்டு வந்திட்டன். ஒரு பூப் போடக்கூட ஆளில்லை" என்று அழுதார்.

மாமா ஹொலண்டிலிருந்து லொறியில் மரக்கறி கொண்டுவருபவர். "அக்கா, அந்த ஏரித் தண்ணி ரைன் ஆத்தோடை சேர்ந்து ரொட்டர்டாமுக்கு வருது. அங்கையிருந்து இந்தக் கடல். அத்தான் உங்களுக்கு முதலே இங்கிலாந்துக்கு வந்திட்டார், விசாவும் இல்லாமல்" என்றார். அம்மா பல நாட்களுக்குப் பிறகு சிரித்தார்.

அமாவாசையன்று விடியவே சவுத்தெண்டுக் கடற்கரைக்குப் போனோம். கடலைக் காணவில்லை. கண்ணுக்கெட்டிய தூரம் சேறு.

"கடல் எங்கையடா?"

"போன மாதம் இஞ்சைதான் அக்கா இருந்தது."

அம்மாவும் மாமாவும் பார்த்து வளர்ந்த யாழ்ப்பாணத்துக் கடல் இப்படி எழுந்து போகாது, ஏரிக்கோ வற்றும் பழக்கமே இல்லை. கடல் வற்றும் நேரம், ஏறும் நேரம் பார்த்து வரவேண்டும் என்று எங்கள் மூவருக்கும் தோன்றவில்லை. எள்ளும் பூவும் வைத்த தட்டோடு சுவரில் குந்தியிருந்தோம். அப்போது அம்மா என்னிடம் திரும்பினார்.

"நீ அங்கை படிச்சனி. மாமா சொல்லுறது சரியோ? அப்பா வருவாரோ?"

இரண்டு போத்தல்களும் கண் முன்னால் வந்தன. தண்ணீர் மட்டும்தான் வரும். ஆறு சுமந்துவரும் மாவைப்போல அப்பாவும் ஏரியின் அடியில்தான் இருப்பார். அம்மா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஓம் அம்மா" என்றேன்.

மத்தியானமளவில் தண்ணீர் சேற்றின் மேல் மெல்ல ஏறி வந்தது. அம்மா எழுந்து முந்தானையைச் சரிசெய்துகொண்டு, "வாறார்" என்றார்.

அன்றிரவு அவர் வயிறாரச் சாப்பிட்டார். நான்தான் தூங்கவில்லை. அப்பா எங்கே இருக்கிறார் என்று தெரிந்த ஒரே ஆள் நான் என்று நினைத்துக்கொண்டு கிடந்தேன். அதன்பிறகு வருடம் தவறாமல் சவுத்தெண்டுக்குப் போனோம்.

போன வருடம் அம்மா இறந்தார். "என்னையும் சவுத்தெண்டிலை அவரோடை விடுங்கோ" என்பதுதான் அவருடைய கடைசி விருப்பம். அப்போதுதான் மாமாவிடம் போத்தல் கதையைச் சொன்னேன். "அப்ப இவ்வளவு காலமும் ஆருக்கடி பூப் போட்டனாங்கள்?" என்று கேட்டார். பிறகு, "சரி, சுவிஸுக்கு டிக்கெட்டைப் போடு" என்றார்.

ஏரியின் நிறம் மாறவில்லை. மேலே பனியாறு இருந்த இடத்தில் வெறும் பாறை தெரிந்தது. அம்மாவின் சாம்பல் கொஞ்ச நேரம் வெண்மையாக நின்று, பிறகு கீழே இறங்கியது.

இந்த ஆடி அமாவாசைக்கு மாமா சவுத்தெண்டுக்குக் கூப்பிடவில்லை, நானும் கேட்கவில்லை. அம்மா அப்பாவிடம் போய்ச் சேர்ந்துவிட்டார். எங்கள் இருவருக்கும், ஒரு மணி நேரத்தில் போய்ச் சேரக்கூடிய ஒரு கடல் இல்லாமல் போய்விட்டது.