செட்டை வைத்த படம்

ஜேசுரட்ணத்துக்கு ஜேர்மனியில், கொலோன் நகரத்தில் ஒரு நூதனசாலையில் காவல் வேலை. பதினெட்டு வருசமாக, படங்களைத் தொடாதேயுங்கோ என்று டொச்சில் சொல்லிச் சொல்லியே ஆள் நரைத்துவிட்டார்.

இந்த மாதம் அவருக்குக் கிடைத்தது சாவின் அறை. நூறு வருசத்துக்கு முந்தின ஓவியர்கள் சாவை ஓர் ஆளாகவே வரைந்து வைத்திருந்தார்கள். எருமையுமில்லை, பாசக்கயிறுமில்லை. வடிவான இளம்பெண், வெள்ளை உடுப்பு, முதுகில் பறவைக்குப் போலப் பெரிய செட்டை. ஒரு கிழவனின் தோளை நோக்கிக் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறாள்.

அன்று காலை, அவளின் செட்டை தன் தோளுக்குப் பின்னால் தெரிய, கோட்டும் டையுமாக முன்னால் நின்று, கூட வேலை செய்பவனைக் கொண்டு ஒரு படம் எடுப்பித்தார். ஒரு சொல்லும் எழுதாமல் குடும்ப வட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டு, போனை லொக்கரில் வைத்துப் பூட்டினார். மனுசனுக்கு யோசனை வேண்டாமா? எங்கடை ஆட்களின் மரண அறிவித்தல் எப்படி வரும்? கோட் போட்ட படம், பின்னால் வெள்ளைச் செட்டை.

மத்தியானம் போனைத் திறந்தால் நூற்றுப் பன்னிரண்டு செய்தி. ‘ஆன்மா சாந்தியடையட்டும்.’ பாரிஸ் மச்சான் செத்தவீட்டுக்கு வர ரயிலுக்கு டிக்கெட் போட்டுவிட்டானாம். முதலில் சிரிப்புத்தான் வந்தது. அடுத்த கணம் சிரிப்பு நின்றது. மனைவி டெல்சியும் அந்தக் குழுவில் இருக்கிறாள். ஆஸ்பத்திரியில் இருக்கிறாள், நாளைக்கு இருதய ஒப்பரேசன். அதிர்ச்சி ஒன்றும் கூடாதென்று டொக்டர் படித்துப் படித்துச் சொன்னவர்.

ஏழு தரம் அவளுக்குப் போன் அடித்தார். அவள் எடுக்கவில்லை. வார்டுக்கு அடித்தால் காத்திருக்கச் சொல்லிப் பாட்டுப் போட்டார்கள். ஒருவருக்கும் சொல்லாமல் ட்ராமுக்கு ஓடினார். “நானே கொன்றுபோட்டன்” என்று வாய்விட்டே சொன்னார். பக்கத்தில் இருந்த பெண் எழும்பி வேறு இடத்துக்குப் போய்விட்டாள்.

டெல்சி கட்டிலில் நிமிர்ந்து இருந்தாள். கண்கள் வீங்கியிருந்தன. வாசலில் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றவரை மேலும் கீழும் பார்த்தாள்.

“உயிரோடதான் இருக்கிறீங்களோ?”

“ஓம் டெல்சி. நான் சும்மா ஒரு படம்...”

“ரெண்டு மணித்தியாலம் அழுதனான். நேர்ஸ் ஊசி போட்டுத்தான் அடக்கினவள்.”

கிட்டப் போனவரின் கையை எட்டிப் பிடித்தாள். பிடி வலித்தது.

“இஞ்சருங்கோ, நாளைக்கு நான் தப்பினாலும் எனக்குப் பிறகுதான் நீங்கள் போகோணும். உங்களுக்காக ஒருக்கா அழுது முடிச்சிட்டன். இன்னொருக்கா ஏலாது.”

ஓம் என்று ஜேசுரட்ணம் தலையை ஆட்டினார். அவள் பிடித்த கையை விடாமலே மற்றக் கையால் போனை எடுத்து, பாரிஸ் மச்சானுக்கு டிக்கெட்டை நிப்பாட்டச் சொல்லி எழுதினார்.