சுவிட்சில் வைத்த சந்தனம்

எண்பதுகளின் கடைசியில் நாமக்கல்லில் எங்கள் கிளை அலுவலகத்துக்கு ஒரு கம்ப்யூட்டர் வந்தது. பெட்டி வந்து இறங்குவதற்கு முன்பே அதற்கான சுற்றறிக்கைகள் வந்துவிட்டன. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போக வேண்டும். துணி உறை போட வேண்டும். நின்றுபோனால் இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் காரணத்தையும் பொறுப்பானவர் பெயரையும் தலைமை அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். நான் அங்கே கண்காணிப்பாளர். சுற்றறிக்கைகள் அத்தனையும் எனக்கு மனப்பாடம். அந்த இயந்திரத்தை எப்படிப் போடுவது என்று மட்டும் தெரியாது.

தெரிந்தவள் ஒருத்திதான். திருச்செங்கோட்டுப் பெண். சேலத்தில் கம்ப்யூட்டர் படித்துவிட்டுத் தற்காலிக ஆபரேட்டராகச் சேர்ந்திருந்தாள். அவளை நிரந்தரமாக்கும் கோப்பு அந்த மாதக் கடைசியில் முடிவாக வேண்டும். அவள் அப்பாவுக்கு ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியில் ஒரு கை போய்விட்டது. வீடு இந்த வேலையை நம்பி இருந்தது. இதெல்லாம் எனக்குத் தெரியும். கோப்பே என் மேசையில்தான் கிடந்தது.

ஆயுத பூஜை விடுமுறைக்கு முதல் நாள் அலுவலகத்தில் பூஜை. மேலாளர் தாமே சந்தனக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டார். தோட்டமும் லாரியும் உள்ள குடும்பத்துக்காரர். ரேடியேட்டருக்குச் சந்தனம் பூசிப் பழகிய கை. டைப்ரைட்டர், பீரோ, ஃபேன் சுவிட்சுப் பலகை என்று ஒன்றையும் விடாமல் வைத்துக்கொண்டு கடைசியாகக் கம்ப்யூட்டருக்கு வந்தார்.

"ஏனுங்க சூப்பிரண்டு, இதுக்கு நெத்தி எங்கீங்க இருக்குது?"

எல்லோரும் சிரித்தோம். திரையின் நடுவில் பெரிய பொட்டாக வைத்தார். கிண்ணத்தில் இன்னும் மீதி இருந்தது. பெட்டியின் பக்கவாட்டுக்குப் போனார்.

"அங்க வேண்டாமுங்க சார், அது சுவிச்சுங்க" என்றாள் ஆபரேட்டர்.

"சுவிச்சுதான அம்மணி அதுக்கு உசுரு? அங்க வெக்காம வேற எங்க வெக்கறது?"

பன்னீரில் நீர்க்கக் கரைத்த சந்தனம். மூன்று விரலால் அப்பினார். அவள் கைக்குட்டையை எடுத்தபோது, "பூசை பண்ணுனதத் தொடைக்கறதாமா?" என்று காசாளர் அதட்டினார். அவள் கைக்குட்டையை மடித்து வைத்துக்கொண்டாள்.

விடுமுறை முடிந்து வந்து சுவிட்சைப் போட்டாள். ஒன்றும் நடக்கவில்லை. அடுத்து அவள் செய்ததையெல்லாம் நான் பக்கத்தில் நின்று, வரிசை எண் போட்டுப் பதிவேட்டில் எழுதினேன். மேசை விசிறியை அதே பிளக்கில் செருகினாள், விசிறி ஓடியது. ஸ்டெபிலைசர் முள் சரியான இடத்தில் நின்றது. ஃபியூஸ் போகவில்லை. வேறு வயர் மாற்றியும் பயனில்லை. கடைசியாகச் சுவிட்சை அழுத்தி, விரலை எடுக்காமல் அப்படியே வைத்திருந்தாள். உள்ளே விசிறி உறுமியது. விரலை எடுத்தாள், நின்றது. அவள் நகத்தில் மஞ்சளாகப் பொடி ஒட்டியிருந்தது.

"சந்தனமுங்க சார். தண்ணி உள்ள எறங்கி அப்படியே காஞ்சுருக்குது. சுவிச்ச மட்டும் மாத்துனா ஓடிருமுங்க."

அதையே மேலாளரிடமும் சொன்னாள்.

"சாமி சந்தனத்துல நின்னு போச்சுங்கறயா? எங்க ஊட்டு லாரிக்கு வருசா வருசம் வெக்கறம், ஒரு நாளு நின்னுருக்குமா?"

"லாரிக்கு ரேடியேட்டர்லதானுங்க வெக்கறீங்க? சாவி போடற ஓட்டைலயா வெக்கறீங்க?"

யாரோ சிரித்துவிட்டார்கள். நானாகத்தான் இருக்கும். அந்தச் சிரிப்புக்கும் சேர்த்து அவள்மேல்தான் கோபம் விழுந்தது.

மேலாளர் என்னை அறைக்குள் கூப்பிட்டார். "காரணம்னு ஒரு கட்டம் இருக்குதில்லீங்க? அதுல சந்தனம்னு எழுதி எம் பேரப் போடுவீங்களா?"

'காரணம் அறியப்படவில்லை, பொறியாளர் பார்த்த பின் தெரிவிக்கப்படும்' என்று எழுத இடம் உண்டு. அப்படி எழுதியிருந்தால் யாருக்கும் ஒன்றும் ஆகியிருக்காது. ஆனால் என் குடும்பம் சேலம் சூரமங்கலத்தில் இருந்தது. சேலத்துக்கு மாற்றல் கேட்டு நான் கொடுத்த மனு அவர் மேசையில், கண்ணாடிக் குண்டுக்கு அடியில் கிடந்தது. அவர் அதைப் பார்க்கவும் இல்லை, அதைப் பற்றிப் பேசவும் இல்லை. நான்தான் பார்த்தேன். 'ஆபரேட்டரின் கவனக்குறைவான கையாளுதலால்' என்று எழுதி, அவள் பெயரைப் பிழையில்லாமல் சேர்த்தேன்.

அந்த அறிக்கையின் நகல் விதிப்படி அவளுடைய கோப்பில் ஏறியது. விதிப்படி நிரந்தரம் மறுக்கப்பட்டது. அதற்குள் சேலத்திலிருந்து பொறியாளர் வந்து, பத்தே நிமிடத்தில் சுவிட்சை மாற்றிவிட்டு, 'சுவிட்சினுள் சந்தனப் படிவு' என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். அந்தத் தாளுக்குப் பக்க எண் போட்டு வேறொரு கோப்பில் கட்டினேன். மாதம் முடியும்வரை அவள்தான் இயந்திரத்தை ஓட்டினாள். அது ஒரு நாளும் மக்கர் செய்யவில்லை.

கடைசி நாளில் உத்தரவைப் பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கப் போனேன். அவள் உத்தரவை இரண்டு முறை படித்தாள்.

"சார், இன்ஜினியர் எழுதுனதையும் சேத்தி மேல ஒரு மனுப் போடறதுக்கு ரூல் ஏதாச்சும் இருக்குதுங்களா? உங்களுக்குத் தெரியாததுங்களா?"

முப்பது நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம் என்று விதி இருந்தது.

"இல்லைம்மா" என்றேன்.

"சரிங்க சார்." கையெழுத்துப் போட்டாள். பேனாவை மூடி என்னிடமே திருப்பிக் கொடுத்தாள்.