மேஜருக்குப் போட்ட சாம்பிராணி

முடிச்சூரில் என் மகள் வீட்டில் ஒரு பக் நாய் வளர்கிறது. அதற்கு உரிமம் வாங்கிக்கொடுத்தது நான்தான். தடுப்பூசிச் சான்று, முகவரிச் சான்று, உரிமையாளரின் அடையாள அட்டை, நாயின் புகைப்படம் எல்லாவற்றையும் கைபேசியில் ஏற்றி முடித்தபோது, எனக்கு ஓய்வூதியம் வாங்கக்கூட இத்தனை இணைப்புகள் தேவைப்படவில்லையே என்று தோன்றியது. புகைப்படத்தைப் பார்த்த மகள், “சரியா விழலப்பா, கசங்கின மாதிரி இருக்கு, வேற எடு” என்றாள். படம் சரியாகத்தான் விழுந்திருந்தது. முகமே அப்படி.

மகளும் மருமகனும் காலையிலேயே வேலைக்குப் போய்விடுவதால், அந்த முகத்தைத் துடைக்கும் பொறுப்பு என்னிடம் ஒப்படைக்கப்பட்டிருக்கிறது. பக் நாய் வளர்க்காதவர்களுக்குச் சொல்கிறேன்: அதன் மூக்குக்கு மேலே இருக்கும் மடிப்புக்குள் கண்ணீரும் அழுக்கும் போய்த் தங்கும். தினமும் ஈரத்துணியால் துடைத்து, பிறகு உலர்ந்த துணியால் ஒற்றியெடுக்க வேண்டும். இரண்டாவதைச் செய்யாவிட்டால் முதலாவதைச் செய்து பயனில்லை. இதை நான் ஒன்பது வயதிலேயே கற்றுக்கொண்டேன். சரியாகச் சொல்வதென்றால், செய்யாமல் விட்டுக் கற்றுக்கொண்டேன்.

அப்போது நாங்கள் மேற்குத் தாம்பரத்தில் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தோம். அப்பா ரயில்வே அலுவலகத்தில் தலைமை எழுத்தர். பக்கத்து வீட்டில் இருந்த என்ஜின் டிரைவர் அங்கிள் குடும்பத்தோடு ஆஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்ந்தார். நாற்காலிகளை விற்றார்; கிராமபோனைத் தெரிந்தவருக்குக் கொடுத்தார்; மேஜர் என்ற பக் நாயை என்ன செய்வது என்று தெரியாமல் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். நான் அழுதேன். அழுதால் எதையும் தரக்கூடாது என்பது அப்பாவின் விதி. ஆகவே ஒரு வாரம் விட்டு, நான் அழாத ஒரு நாளில், நாயை ஏற்றுக்கொண்டார்.

ஏற்றுக்கொண்டது முறைப்படி. இன்ன அடையாளங்கள் உள்ள நாயை முழுச் சம்மதத்துடன் ஒப்படைக்கிறேன் என்று டிரைவர் அங்கிளிடம் எழுதி வாங்கினார். உரிமத்தைத் தன் பெயருக்கு மாற்றி, எண் பொறித்த பித்தளை வில்லையை மேஜரின் கழுத்தில் கட்டினார். நாய்க்கென்று தனிக் கோப்பு ஒன்றைத் திறந்து, அங்கிளின் மனைவி ஆங்கிலத்தில் எழுதிக்கொடுத்த பராமரிப்புக் குறிப்புகளை அதில் முதல் தாளாகக் கோத்தார். வெயிலில் ஓடவிடாதே, அதிகம் ஊட்டாதே, முகத்தைத் துடை என்று அதில் இருப்பதாக எனக்குத் தமிழில் சொன்னார். துடைப்பது என் வேலை என்று முடிவானது. எங்கள் வீட்டில் அப்படி முடிவான எதற்கும் மேல்முறையீடு கிடையாது.

மேஜருக்கு எங்கள் வீடு பிடித்துவிட்டது. தயிர்சாதத்தை வழித்துச் சாப்பிட்டது. பகலில் தூங்கும்போது அது விடும் குறட்டையைக் கேட்டு, வீட்டுக்குள் யாரோ உறவினர் வந்து படுத்திருப்பதாக நினைத்துக்கொண்டு தபால்காரர் குரலைத் தாழ்த்திப் பேசுவார். என் மூன்று வயதுத் தங்கை அதன் சுருண்ட வாலை நீட்டி நீட்டி விட்டுப் பார்ப்பாள். கடிப்பதற்கு வேண்டிய சுறுசுறுப்பு அதனிடம் இல்லை. தரையில் விரித்த பாயின் மேல் ஏறுவதற்கே அது ஒருமுறை யோசிக்கும்.

ஐப்பசி மழையில் நான் துடைப்பதை விட்டேன். மழை விட்டபோதெல்லாம் கிரிக்கெட் இருந்தது. பத்து நாளில் மேஜர் பக்கத்தில் வந்தால் புளித்த மாவின் வாடை அடித்தது. அம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு சொன்னாள்: “இன்னும் ரெண்டு நாள் பாப்பேன். இந்த நாத்தம் போகலைன்னா பால்காரர்கிட்ட குடுத்துடுவேன். அவர் தொழுவத்துல கட்டிப்பார். அங்க இருக்கற வாடையில இது தெரியாது.”

அம்மா விளையாட்டுக்குச் சொல்லவில்லை. பால்காரரிடம் கேட்டும் விட்டாள். அவரும் தலையாட்டியிருந்தார். அம்மாவுக்கும் பால்காரருக்கும் நடுவே முடிந்துபோன விஷயத்தில் அப்பாவின் கோப்புகூடக் குறுக்கே நிற்க முடியாது.

அந்தக் கெடுவின் இரண்டாவது நாள் சனிக்கிழமை. அப்பாவுக்கு விடுமுறை. காலையில் பூஜை செய்து, தூபக்காலில் நெருப்பு எடுத்து, வீடெங்கும் சாம்பிராணி காட்டிவிட்டு, மண்ணெண்ணெய் வாங்க ரேஷன் கடைக்குப் போனார். அந்த வரிசையில் நின்றவர்கள் மதியத்துக்கு முன் திரும்பியதில்லை. அம்மா தங்கையைத் தூக்கிக்கொண்டு குரோம்பேட்டையில் ஒரு வளைகாப்புக்குப் போய்விட்டாள். வீட்டில் நானும் மேஜரும் மட்டும்.

என்ன செய்ய வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. எங்கள் வீட்டில் யார் மீது வாடை அடித்தாலும் அதற்கு ஒரே முறைதான் உண்டு. நல்லெண்ணெய் தேய்த்து, சீயக்காய் போட்டுக் குளிப்பாட்டி, ஈரத்தலைக்குச் சாம்பிராணி பிடிப்பது. தங்கைக்கு ஒவ்வொரு வாரமும் அம்மா அதைத்தான் செய்தாள். நெருப்பில் சாம்பிராணித் தூளைத் தூவி, மேலே மூங்கில் கூடையைக் கவிழ்த்து, கூடை மேல் தலைமுடியைப் பரப்பிவிடுவாள். பிறகு தங்கை போகும் இடமெல்லாம் மணக்கும்.

எண்ணெயும் சீயக்காயும் ஒழுங்காக முடிந்தன. மேஜர் கண்ணை மூடிக்கொண்டு ஒத்துழைத்தது. கூடை மேல் பரப்ப அதற்கு முடி இல்லை என்பதுதான் சிக்கல். யோசித்து, கூடைக்கு மேலே வைப்பதற்குப் பதில் உள்ளே வைப்பது என்று தீர்மானித்தேன். தூபக்காலில் கனல் மிச்சம் இருந்தது. ஜன்னல் விளிம்பிலிருந்த சாம்பிராணி டப்பாவை எடுத்து, ஒரு கை நிறைய அள்ளிப் போட்டேன். அம்மா போடுவது ஒரு சிட்டிகை. ஆனால் எனக்கு ஒரே நாள்தான் பாக்கி இருந்தது. தூபக்காலைப் பக்கத்தில் வைத்து, இரண்டின் மேலும் கூடையைக் கவிழ்த்து, புகை வெளியே போய் வீணாகாமல் இருக்க ஈரத்துண்டு ஒன்றையும் கூடை மேல் போட்டேன். அம்மா தங்கைக்கு எண்ணுவதுபோல் நூறு வரை எண்ணினேன்.

அறுபது வரை உள்ளே குறட்டைச் சத்தம் கேட்டது. நூறில் கேட்கவில்லை.

கூடையைத் தூக்கினேன். மேஜர் பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தது. நாக்கு வெளியே தொங்கி, நாவல்பழம் தின்றதுபோல் நிறம் மாறியிருந்தது. வயிறு மட்டும் வேகமாக ஏறி இறங்கியது. பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். வால் அசையவில்லை.

வாசல் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. சரக்கு வரவில்லை என்று ரேஷன் கடையைப் பூட்டிவிட்டார்களாம். அப்பா காலி டின்னோடு திரும்பிவிட்டார். எனக்குக் கிடைத்த அவகாசத்தில் தூபக்காலைத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் தள்ளினேன். டப்பாவை ஜன்னலில் வைத்தேன். கூடையை நிமிர்த்தினேன்.

“என்னடா ஆச்சு?”

“ஓடிச்சுப்பா. ஓடி ஓடி விளையாடிச்சு. அப்படியே விழுந்துடுச்சு.”

ஓடி விளையாடிய நாய் எண்ணெய் தேய்த்துக் குளித்திருப்பது எப்படி என்று அப்பா கேட்கவில்லை. கூடைப் பக்கத்தில் கிடந்த ஈரத்துண்டை எடுத்து மேஜரைச் சுற்றினார். கோப்பைத் திறக்கவில்லை. சட்டைகூட மாற்றவில்லை. சைக்கிளின் முன்கம்பியில் என்னை உட்காரவைத்து, என் மடியில் நாயை வைத்து, ஏறி மிதித்தார். என் தலை அவர் மோவாய்க்குக் கீழே இருந்தது.

கால்நடை மருத்துவமனை ரயில் பாதைக்குக் கிழக்கே இருந்தது. சனிக்கிழமைகளில் பன்னிரண்டு மணிக்கு மூடிவிடுவார்கள். நாங்கள் ரயில்வே கேட்டுக்கு வந்தபோது பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம். கேட் மூடியிருந்தது.

இங்கே அப்பாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மூடிய கேட்டுக்கு அடியில் குனிந்து போகிறவர்களைப் பற்றி மேலிடத்துக்கு இரண்டு முறை மனு எழுதியவர் அவர். அப்படிக் குனிந்த என் கணக்கு வாத்தியாரை நடுத்தெருவில் நிறுத்தி விதி எண்ணைச் சொன்னவர். மறுநாள் வகுப்பில் அதன் பலனை அனுபவித்தவன் நான். அந்த அப்பா இரண்டு பக்கமும் பார்த்தார். என் மடியைப் பார்த்தார். சைக்கிளைச் சாய்த்து, கேட்டுக்கு அடியில் நுழைத்து, என்னைக் குனியச் சொல்லிவிட்டு, தானும் குனிந்தார்.

கேட்காரர் அறையிலிருந்து எட்டிப் பார்த்தார். “இன்னா சார், நீங்களேவா?”

“திங்கட்கிழமை எழுதி அனுப்புங்க. கையெழுத்துப் போட்டுத் தரேன்” என்று சொல்லிக்கொண்டே அப்பா தண்டவாளத்தைத் தாண்டினார்.

மருத்துவமனையில் பெஞ்சுகளைச் சுவரோரம் நகர்த்திக்கொண்டிருந்த உதவியாளர் துண்டை விலக்கிப் பார்த்துப் பதறிவிட்டார். “அய்யய்யோ, மூஞ்சி நசுங்கிப் போயி கீது. லாரி மோதிச்சா சார்?”

“இல்லப்பா. பொறந்ததுலேர்ந்தே அப்படித்தான்.”

“பொறவியே இப்டியா?” அவர் மேஜரையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்தார். “ஊர்ல வேற நாயே கெடைக்கலியா சார் உங்களுக்கு?”

டாக்டர் வந்துவிட்டார். நரைத்த தலை, ரப்பர் பூட்ஸ். அதுவரை பசுமாடு ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தவர். கண்ணிமையைத் தூக்கிப் பார்த்தார், மார்பில் குழாயை வைத்தார். “என்ன நடந்துச்சு? எதையாவது தின்னுச்சா? எலி மருந்து மாதிரி? வெயில்ல ஓடிச்சா? சரியாச் சொல்லுங்க. தப்பாச் சொன்னா நான் தப்பா ஊசி போடுவேன். அப்புறம் இது தாங்காது.”

அப்பா என்னைப் பார்த்தார். சொன்னால் நான் கொன்றவன் ஆவேன், சொல்லாவிட்டால் மேஜர் செத்துப்போகும் என்பது தெளிவாகவே தெரிந்தது. தெரிந்தும் நான் என் கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

“புகை, டாக்டர்” என்றார் அப்பா. “காலையில வீட்டுல சாம்பிராணி போட்டேன். மூடின எடத்துல மாட்டிக்கிச்சு. கவனிக்காம விட்டது என் தப்பு.”

அதன்பின் எல்லாம் வேகமாக நடந்தன. ஈரத்துணிகள், ஓர் ஊசி, ஜன்னலோரம் வைத்து அட்டையால் விசிறல். விசிறியது உதவியாளர்; தலையை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டிருந்தது அப்பா. பசுமாடு காத்திருந்தது. பன்னிரண்டு மணி கடந்துபோனதை யாரும் சொல்லவில்லை. வெகுநேரம் கழித்து மேஜரின் தொண்டையில் ஒரு கரகரப்பு கேட்டது. பிறகு இன்னொன்று. பிறகு வீட்டில் தினமும் நாங்கள் கேட்கும் அதே சத்தம்.

“வண்டி ஸ்டார்ட் ஆயிட்ச்சி சார்” என்றார் உதவியாளர்.

பதிவேட்டில் ‘இனம்’ என்ற இடத்தில் அவர் ‘சப்பை மூஞ்சி’ என்று எழுதியிருந்தார். அப்பா அதை அடித்துத் திருத்திச் சுருக்கொப்பம் இட்டார். ‘காரணம்’ என்ற இடம் காலியாக இருந்தது. பேனாவை வாங்கி, ‘உரிமையாளரின் கவனக்குறைவு’ என்று எழுதி, முழுக் கையெழுத்துப் போட்டார். பிற்பாடு நானும் முப்பத்துநான்கு ஆண்டுகள் அரசு அலுவலகங்களில் கோப்பு பார்த்தேன். மழை, மின்தடை, கரையான், முன்பிருந்த அதிகாரி என்று எத்தனையோ காரணங்களைப் படித்திருக்கிறேன். தன் கவனக்குறைவு என்று தானே எழுதிக் கையெழுத்துப் போட்ட வேறொருவரை நான் பார்த்ததில்லை.

திரும்பும்போதும் கேட் மூடியிருந்தது. இந்த முறை அப்பா காத்திருந்தார். ஒரு சரக்கு வண்டி போய், கேட் முழுதாக மேலே எழும்பும்வரை காத்திருந்தார். மேஜர் என் மடியில் குறட்டை விட்டது.

மாலையில் அம்மா வந்ததும், நாய்க்கு உடம்பு சரியில்லை, மருத்துவமனைக்குப் போய்வந்தோம் என்று மட்டும் அப்பா சொன்னார். அம்மா மேஜரைத் தூக்கி முகர்ந்து பார்த்து, “நாத்தம் போயிடுச்சே” என்றாள். பால்காரர் பேச்சு அத்தோடு நின்றது. மறுநாள் நாய்க் கோப்பில் புதிய உத்தரவு ஒன்று சேர்ந்தது: முகம் துடைத்தல், காலையில் மகன், மாலையில் தந்தை. எங்களோடு மேஜர் இன்னும் ஏழு ஆண்டுகள் இருந்தது. ஒரு மாலைகூட அப்பா தவறவில்லை.

மடிப்புக்குள் துணியை விடும்போது இன்றும் விரல் தானாக மெதுவாகிறது. அப்பாவுக்குச் சேரவேண்டிய நன்றியை இனி யாரிடம், எந்தப் படிவத்தில் செலுத்துவது என்று எனக்குத் தெரியாது. தெரியாத நடைமுறை அது ஒன்றுதான்.

அந்தச் சனிக்கிழமை நான் நினைத்தது வேறு. பூஜைப் புகைதான் காரணம் என்று அப்பா நம்பிவிட்டார், நான் தப்பித்தேன் என்று நினைத்தேன். எண்ணெய் மணக்கும் நாயை மடியில் வைத்துக்கொண்டு, சாம்பிராணி மணக்கும் தலையோடு அவர் மூக்குக்கு நேர்கீழே தாம்பரம் நெடுக உட்கார்ந்து போனவன் நினைத்தது அது. வீட்டுக்கு வந்ததும் அப்பா ஜன்னலிலிருந்த சாம்பிராணி டப்பாவை எடுத்தார். பெஞ்சை இழுத்துப் போட்டு ஏறி, பரணில், பித்தளை அண்டாவுக்குப் பின்னால் வைத்தார். இனி மேஜருக்கு எட்டாது என்று நிம்மதியாக இருந்தது. பாயில் ஏறவே யோசிக்கும் நாய்க்காக ஏன் அவ்வளவு உயரம் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.