மீன் தலையும் ஒரு கையெழுத்தும்

பலெர்மோவில் நான் வேலை செய்த வீடுகளில், தூசி தட்டக் கூடாது என்று சட்டம் போட்ட வீடு ஒன்றே ஒன்றுதான். மற்ற வீட்டுக்காரிகள், அந்தச் சிஞ்ஞோராக்கள் எல்லாரும் அலுமாரியின் மேல் விரலால் தடவிப் பார்த்து முகத்தைச் சுளிப்பார்கள். இந்த ஜெர்மன்காரர் என்னை வேலைக்கு வைத்த முதல் நாளே மேசையைக் காட்டி, "சிஞ்ஞோரா, இது தூசி அல்ல. இது இருபது லட்சம் வருசம்" என்றார். இருபது லட்சம் வருசமாக ஒருத்தியும் துடைக்கவில்லை என்றால் எனக்கென்ன வந்தது என்று நானும் விட்டுவிட்டேன்.

இரண்டாயிரத்துப் பதினைந்தோ பதினாறோ, சரியாக நினைவில்லை. அவர் ஜெர்மனியில் ஒரு அருங்காட்சியகத்தில் பொறுப்பாளராக இருந்து ஓய்வுபெற்றவர். எல்லாரும் பேராசிரியர் என்றார்கள். ஓகஸ்ட் மாத வெயிலிலும் காலுறை போட்டு, அதற்கு மேல் செருப்பும் போடுவார். வீட்டில் கட்டில் ஒன்று, கதிரை இரண்டு, இழுத்துத் திறக்கிற லாச்சிகள் நானூறு. ஒவ்வொரு லாச்சியிலும் சின்னச் சின்னக் கண்ணாடிக் குழாய்கள். ஒவ்வொரு குழாயிலும் பயறு அளவில் ஒரு கல், அதோடு எறும்பு எழுதியது போன்ற எழுத்தில் ஒரு சீட்டு. மண்ணில் பொறுக்கிய கல்லுக்கு இவ்வளவு மரியாதையா என்று நினைப்பேன். ஆள் கொஞ்சம் கழன்ற கேஸ், ஆனால் நல்ல மனுசன் என்பது என் முடிவு.

அந்த நல்ல மனுசனிடம் எனக்கு வேண்டியது ஒரே ஒரு கையெழுத்து. நான் முன்பு பார்த்துக்கொண்ட சிஞ்ஞோரா இறந்துபோனதால் என் வேலை ஒப்பந்தமும் முடிந்துவிட்டது. புது ஒப்பந்தம் இல்லாமல், இந்த நாட்டில் தங்குவதற்கான பெர்மெஸ்ஸோவைப் புதுப்பிக்க முடியாது. அதைக் கொடுக்கிற பொலிஸ் கந்தோரான குவெஸ்தூராவில் எனக்குத் திகதி கொடுத்திருந்தார்கள். பேராசிரியரோ, "மூன்று மாதம் வேலை செய்யுங்கள், பிறகு பார்ப்போம்" என்று சொல்லியிருந்தார். மன்னாரில் பிறந்த ஒருத்திக்கு 'பார்ப்போம்' என்றால் என்ன அர்த்தம் என்று யாரும் விளக்கத் தேவையில்லை. எங்கள் ஆட்கள் கல்யாணப் பேச்சை முறிக்கிறதே அந்தச் சொல்லால்தான். மூன்று மாதம் முடிந்தது. அவர் மறந்துவிட்டார். ஒப்பந்தப் பேப்பரை மூன்று கிழமையாகக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு திரிந்தேன். சந்தையில் தக்காளிக்காரனோடு தெருவே கேட்கச் சண்டை பிடிக்கிற எனக்கு, அவர் முன்னால் போனால் மட்டும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்.

குவெஸ்தூராவுக்கு இரண்டு நாள் இருக்க, புதன்கிழமை காலை, அவர் ஸ்ஃபெர்ராகவால்லோ மீன்துறையில் இருந்து ஒரு பையை அணைத்துக்கொண்டு வந்தார். உள்ளே ஒரு மீன் தலை. எங்கள் ஊர்க் கத்தாளை மீனின் பெரியப்பா மாதிரி இருந்தது, அவ்வளவு பெரிசு. "இப்படி ஒன்றுக்காக நான்கு வருசம் காத்திருந்தேன்" என்றார். கண் கலங்கியிருந்தது. "சிஞ்ஞோரா, மெதுவாக அவியுங்கள். தண்ணீரில் மட்டும். சதை கழன்று வரும்வரை. நான் நாளை காலை வருகிறேன்." சொல்லிவிட்டுக் கடற்கரைப் பாறை எதையோ பார்க்க ரயில் ஏறிப் போய்விட்டார்.

நான் குசினியில் தலையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வெறும் தண்ணீரில் மீன் தலையா? உப்புக்கூட இல்லாமலா? நான்கு வருசம் ஆசைப்பட்டதை ஆஸ்பத்திரிச் சாப்பாடு போலத் தின்னப் போகிறாரே என்று எனக்கு நெஞ்சு பதறியது. பாவம், ஆக்கிக் கொடுக்க ஆளில்லாமல் வளர்ந்த மனுசன், அவருக்கு வேறு என்ன தெரியும்? அதோடு எனக்கு இன்னொரு யோசனையும் வந்தது. எங்கள் வழக்கத்தில் ஒருவரிடம் பெரிய உதவி கேட்கப் போனால் வெறுங்கையோடு போக மாட்டோம். முதலில் வயிற்றை நிரப்பு, பிறகு பேப்பரை நீட்டு.

தலையைச் சரி நடுவாக இரண்டாகப் பிளந்தேன். மஞ்சள் பூசினேன். வெங்காயம், வெந்தயம், கறிவேப்பிலை தாளித்து, மூன்று கரண்டித் தூள் போட்டு, ஒரு கை நிறையப் பழப்புளி கரைத்து விட்டேன். படிக்கட்டு முழுக்க மணம். மேல்வீட்டுக்காரி கதவைத் திறந்து யார் வீட்டில் கல்யாணம் என்று கேட்டாள். தனி மனுசனுக்கு முழுத் தலை எதற்கு என்று பாதியை என் கணவருக்குக் கட்டினேன். மற்றப் பாதியைக் குழம்புக்குள்ளேயே ஊற விட்டேன். மீன் குழம்பு மறுநாள்தானே ருசி.

வியாழன் காலை பேராசிரியர் வந்ததும் வராததுமாகக் குசினிக்குள் போனார். நான் பெருமையோடு மூடியைத் திறந்தேன்.

அவர் சட்டிக்குள் எட்டிப் பார்த்தார். பிறகு சட்டைக் கையை மடித்து, முழங்கைவரை குழம்புக்குள் விட்டுத் துழாவினார். மண்டையோட்டின் இடுக்கிலிருந்து ஒரு கல்லை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். அவரைக்கொட்டை அளவு. மஞ்சள் நிறம். புளி அரித்து, பாதி நக்கிய இனிப்பு மாதிரி வழுவழுவென்று இருந்தது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கத்தாளை மீனின் தலைக்குள் கல் இருப்பது மன்னாரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நானூறு லாச்சியிலும் இருந்தது அதுதான்! மூன்று மாதம் பக்கத்தில் நின்றும் எனக்குத் தெரியாமல் போயிற்றே!

"மற்றது?" என்றார். "இரண்டு இருக்கும். வலது, இடது."

நான் கைத்தொலைபேசியை எடுத்தேன். என் கணவர் மொண்டெல்லோவில் ஒரு உணவகத்துக் குசினியில் வேலை. அன்று அவருக்கு லீவு.

"இஞ்சரப்பா, அந்த மீன் தலையைத் திண்டிட்டீங்களோ?"

"ஓம், நேற்றே. நல்லா இருந்தது. ஏன், இன்னும் இருக்கோ?"

"அதுக்கை ஒரு கல்லு இருந்ததோ?"

"இருந்தது. உறிஞ்சிப்போட்டு எறிஞ்சனான்."

"குப்பையைக் கீழை கொண்டுபோய்ப் போட்டிட்டீங்களோ?"

"போடத்தான் போறன். இண்டைக்குப் போடுறன்."

வாழ்க்கையில் முதல் தடவையாக அந்த மனுசனின் சோம்பலுக்காகக் கடவுளுக்கு நன்றி சொன்னேன்.

எங்கள் வீடு இருக்கிற ஒரேத்தோவுக்குப் போகிற பஸ்ஸில் பேராசிரியர் தன் கதையைச் சொல்லிக்கொண்டே வந்தார். பதற்றத்தில் சிலர் செபிப்பார்கள், இவருக்கு வாய் ஓயாது. கடலே இல்லாத ஊரில் பிறந்தவராம். ஏழு வயதில் வெள்ளிக்கிழமை மீன் சூப்பில் பல்லில் ஒரு கல் கடிபட்டது. மீன் அந்தக் கல்லால்தான் கேட்கிறது என்று ஆசிரியர் சொன்னாராம். அதோடு பிடித்தது பைத்தியம். கல்லை வெட்டிப் பார்த்தால் மரத்தைப் போல வளையம் இருக்கும், மீனின் வயது தெரியும். மீன் அழிந்து லட்சக்கணக்கான வருசமானாலும் கல் கிடக்கும். பழைய கல் எந்த மீனுடையது என்று சொல்வதற்குப் புதிய மீனின் கல்லோடு ஒப்பிட வேண்டும். அதற்குத்தான் அந்தத் தலை. முப்பத்தொரு வருசம் அருங்காட்சியகத்தின் நிலவறையில் இந்தக் கற்களைக் காத்தவர். வருகிறவர்கள் எல்லாரும் மேலே டைனோசர் பார்க்கப் போய்விடுவார்கள். அவருடைய மனைவியும் டைனோசர் பகுதிக்குப் பொறுப்பாக இருந்தவரோடு போய்விட்டாராம். "பெரிய எலும்பு எல்லாருக்கும் பிடிக்கும்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் நாளைய குவெஸ்தூரா நினைவுக்கு வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. இனி எந்த முகத்தோடு கையெழுத்துக் கேட்பது?

வீட்டுப் பல்கனியில் குப்பைப் பை இருந்தது. நான் அதைத் தலைகீழாகக் கவிழ்க்கப் போனேன். அவர் அலறினார். "வேண்டாம்! மேலிருந்து கீழே, படை படையாக!"

பத்திரிகையை விரித்து முழங்காலில் இருந்தார். சட்டைப்பையிலிருந்து ஒரு தூரிகையும் முள்ளு எடுக்கிற சாமணமும் வந்தன. என் கணவர் இடுப்பில் சாரத்தோடு வாசலில் நின்று, "ஆர் இந்த மனுசன்? என்ன செய்யிறார்?" என்றார்.

"உங்கடை எச்சிலைத் தேடுறார். பேசாமல் நில்லுங்கோ."

முதலில் தேயிலைச் சக்கை. "இன்று காலை" என்றார் பேராசிரியர். அதன் கீழே இனிப்புக் கடையின் பேப்பர், மூன்று கன்னோலி சுற்றியது. சீனி வியாதிக்கு மருந்து எடுக்கிற என் கணவர் மெதுவாக உள்ளே நழுவினார். கத்தினேன். பேராசிரியர் கையை உயர்த்தி அமைதி கேட்டார்.

அதற்குக் கீழே கசக்கிய பேப்பர் உருண்டைகள். முதல் நாள் பின்னேரம் நான் அவருக்குக் கடிதம் எழுத உட்கார்ந்து எழுதி எழுதிக் கசக்கியவை.

"புரொஃபெசோரே, அது சும்மா குப்பை!"

"மண்ணைக் கிண்டித் தேடுகிற இடத்தில் குப்பை என்று ஒன்று இல்லை, சிஞ்ஞோரா." ஒவ்வொன்றாக விரித்து, தூரிகையால் துடைத்து, அடியில் கிடந்ததை முதலாவதாக வைத்து ஏழையும் வரிசைப்படுத்தினார். எனக்கு நிலம் பிளந்து உள்ளே போனால் போதும் என்று இருந்தது. முதலாவது என் இத்தாலியனில் ஒரு பக்கம், மதிப்பிற்குரிய, மேன்மைதங்கிய என்று தொடங்கியது. வரவரச் சுருங்கியது. ஏழாவதில் இரண்டே வரி. கையெழுத்து வேண்டும். எனக்குப் பயம்.

அவர் அதை இரண்டு தரம் வாசித்தார். மறுபடி பைக்குள் குனிந்தார். மீன் முள்ளுகளுக்கு நடுவே சாமணம் நின்றது. வெள்ளையாக, பொலிவாக, ஒரு கீறல் இல்லாமல் கல் வந்தது. புளியில் ஊற விடாமல் அன்றே தின்று, ஆசையோடு உறிஞ்சியும் வைத்திருந்தார் என் கணவர். பேராசிரியர் எழுந்து உள்ளே போய் அவருடைய நெற்றியில் முத்தம் கொடுத்தார். அவரோ கன்னோலிக்கு மன்னிப்புக் கிடைத்துவிட்டதாக நினைத்துக்கொண்டார்.

பிறகு பேராசிரியர் என்னிடம் கையை நீட்டினார். "பேப்பர் எங்கே?"

கொடுத்தேன். சமையல் மேசையில் வைத்துக் கையெழுத்துப் போட்டார்.

"ஏன் என்னிடம் கேட்கவில்லை?"

"இல்லை எண்டுடுவீங்களோ எண்டு பயந்தனான்."

அவர் பேனாவை மூடிக்கொண்டே சொன்னார்: "நான் அருங்காட்சியக இயக்குநருக்கு, நிலவறையில் ஒரு ஜன்னல் வைத்துத் தரும்படி கடிதம் எழுதினேன். வருசத்துக்கு ஒன்று. ஒரு கடிதத்தையும் அவர் கையில் கொடுக்கவில்லை."

கையெழுத்துக்குப் பக்கத்தில் அவருடைய பெருவிரல் அடையாளம் மஞ்சளாகப் பதிந்திருந்தது. துடைக்கத் துடைக்கப் பரவியது.

வெள்ளிக்கிழமை குவெஸ்தூராவில் அதிகாரி அந்தப் பேப்பரை உயர்த்திப் பிடித்தார். மஞ்சள் கறையில் விரலை வைத்தார். "இது என்ன?" என்றார்.

"மீன் குழம்பு."

மூக்கருகே கொண்டுபோய் மணந்து பார்த்தார். "என்ன மீன்?"

சொன்னேன். எப்படி ஆக்கியது என்று கேட்டார். அதையும் சொன்னேன், தாளிப்பிலிருந்து தொடங்கி. கேட்டுக்கொண்டே முத்திரையைக் குத்தி, பேப்பரைக் கோப்புக்குள் வைத்தார். புளி எவ்வளவு விட வேண்டும் என்று அவர் கேட்டபோது எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்துவிட்டது. ஒரு கை நிறைய என்று காட்டினேன்.