சுலாவுக்குச் சொல்லாத சாவு

சோலைமலைக்குப் பொய் சொல்ல வராது. தோட்டத்துத் தேயிலை ஸ்டோரில் கொழுந்து வாட்டுகிற வேலையில் இருபத்தாறு வருஷம் இருந்தவன். ஒரு நாள் லீவு வேண்டுமென்றால்கூட வயிற்றுவலி என்று துணிந்து சொல்லத் தெரியாது. ஸ்டோர் ஐயா முகத்தைப் பார்த்ததும் "சும்மாதாங்க, களைப்பா இருக்கு" என்று உளறிவிட்டு, லீவும் கிடைக்காமல் ஏச்சும் வாங்கிக்கொண்டு வருவான். அப்படிப்பட்ட மனுஷன் ஆயுளில் ஒரே ஒரு பெரிய பொய் சொன்னான். அதையும் போயும் போயும் பெற்ற மகளிடம் சொன்னான்.

மகள் சுலக்ஷனா. அவர்கள் குடியிருக்கும் லயத்தில் எல்லோருக்கும் சுலா. திம்புள்ளப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து தினமும் ஹட்டனுக்கு பஸ் ஏறிப் படித்து, உயர்தரத்தில் நல்ல பெறுபேறு எடுத்து, துருக்கி அரசாங்கத்தின் புலமைப்பரிசில் கிடைத்து, போன ஐப்பசியில் விமானம் ஏறிவிட்டாள். துருக்கி எந்தத் திக்கில் இருக்கிறது என்று தோட்டத்தின் மேல்பிரிவான மேற்கணக்கு லயத்தில் ஒருவருக்கும் தெரியாது. தெரிந்த மாதிரி பேசியவர்கள் மட்டும் நிறையப் பேர்.

இதற்கெல்லாம் காரணம் அவள் அம்மா மாரியாயி. கொழுந்து எடுக்கிறவள். மகளுக்கு மட்டும் கொழுந்து கிள்ளச் சொல்லிக் கொடுக்கவேயில்லை. பள்ளி விடுமுறையில் சுலா மலைக்கு வந்தால்கூட, "போய்ப் புத்தகத்தை எடு" என்று விரட்டிவிடுவாள். புலமைப்பரிசிலுக்கு விண்ணப்பம் போட்ட அன்று, ஹட்டனில் கணினிக் கடை வாசலில் காலையிலிருந்து பொழுது சாயும்வரை பச்சைத் தண்ணீர் குடிக்காமல் உட்கார்ந்திருந்தாள். எழுந்து போனால் காரியம் கெட்டுவிடும் என்று அவளுக்கு ஒரு பயம்.

சுலா போய்ச் சேர்ந்த ஊரின் பெயர் எர்சுரும். மலை ஊர்தான். குளிரிலே பிறந்த பிள்ளை, நமக்கென்ன என்று போனவளுக்கு முதல் நாளே உதடு வெடித்துவிட்டது. விடுதி அறையில் கூட இருந்தது ஒரு சோமாலியப் பிள்ளையும் ஒரு கசக்ஸ்தான் பிள்ளையும். மூன்று பேரும் மூன்று மொழி, வகுப்பில் நடத்துவது நான்காவது மொழி. முதல் வருஷம் முழுக்க அந்த மொழியைத்தான் படிக்க வேண்டும். சாப்பாட்டுக் கூடத்தில் கறுப்பாகப் பளபளவென்று ஏதோ இருக்க, நாவற்பழம் என்று நினைத்து நாலைந்தை வாயில் போட்டாள். ஒலிவ் காயாம், உப்பும் கசப்பும் தாங்க முடியவில்லை. துப்பவும் வெட்கம். அழுதுகொண்டே விழுங்கினாளாம்.

"எல்லாரும் தேத்தண்ணியாத்தான்மா குடிக்கிறாங்க. சின்ன கிளாஸுல, பால் இல்லாம."

"வாசம் இருக்கா?" என்று மாரியாயி கேட்டாள்.

"நம்ம வாசம் இல்லம்மா." அதோடு குரல் உடைந்துவிடும். "அம்மா, நான் வந்துரவா?"

தினமும் மாலையில் சுலா பேசுவாள். தினமும் இந்தக் கேள்வி வரும். அங்கே தங்குவதற்கான அட்டை இன்னும் கைக்கு வரவில்லை. இடையில் கிளம்பி வந்தால் திரும்ப உள்ளே போவது நிச்சயமில்லை, படிப்பும் அத்தோடு போகும். சோலைமலையிடம் கேட்டிருந்தால் இரண்டாம் நாளே "வா புள்ள" என்றிருப்பான். நல்லவேளை, அவள் அம்மாவிடம் கேட்டாள். "பல்லக் கடிச்சுக்கிட்டு இன்னும் நாலு நாளு இரு, அப்புறம் பாப்போம்" என்பாள் மாரியாயி. நாலாம் நாளும் அதையே சொன்னாள். போனை வைத்துவிட்டு அடுப்படியில் போய் அழுவாள்.

சுலா போன ஒன்பதாம் நாள் ஏழாம் நம்பர் தேயிலை மலையில் குளவிக்கூடு கலைந்தது. கூடையைப் போட்டுவிட்டு எல்லோரும் ஓடினார்கள். பக்கத்து வீட்டு ராசம்மா வயதானவள், ஓட முடியாமல் மழைத்தண்ணி ஓடுகிற கானுக்குள் விழுந்துவிட்டாள். மாரியாயி திரும்பிப் போய்த் தன் இடுப்பில் கட்டியிருந்த படங்குத் துணியை அவிழ்த்து அவளை மூடினாள். இருபது வருஷமாக ஒன்றாகக் கொழுந்துக்குப் போனவர்கள். குளவி எல்லாம் மாரியாயி மேல் அடைந்தது.

ஆஸ்பத்திரியில் முகம் வீங்கிக் கண் தெரியாமல் கிடந்தவள் சோலைமலையின் கையைத் தேடிப் பிடித்தாள்.

"புள்ளைக்குச் சொல்லிறாதீங்க. பயந்துரும். நாளைக்கு வீட்டுக்குப் போய் நானே பேசிக்கிறேன்."

விடிவதற்குள் போய்விட்டாள். சொல்லாதே என்று அவள் சொன்னது குளவி கொட்டியதை. செத்ததைச் சொல்லாதே என்று அவள் சொல்லவேயில்லை. சோலைமலைக்கும் அது தெரியும். தெரிந்தும் அந்தச் சொல்லை இழுத்து நீட்டிப் போர்த்திக்கொண்டான். சொன்னால் மகள் அடுத்த விமானத்தில் வந்துவிடுவாள். அவளைப் பிடித்து நிறுத்துகிறவள் இதோ பெட்டிக்குள் கிடக்கிறாள்.

மறுநாள் மத்தியானம், பெட்டியை எடுக்கிற நேரம். வாசலில் தப்பு மேளம் முழங்குகிறது. பார்த்து அந்த நேரத்தில் போன் அடித்தது. அங்கே பகல் சாப்பாட்டு இடைவேளை. முந்தின மாலையும் எடுக்கவில்லை, இதையும் எடுக்காவிட்டால் பயந்துவிடுவாள் என்று லயத்துப் பின்பக்கம் ஓடிப்போய் எடுத்தான்.

"என்னப்பா தப்புச் சத்தம் கேக்குது? யாரு செத்தது?"

எதிரே தண்ணீர் கொட்டுகிற பீலிக் கரையில், கை கால் எல்லாம் வீங்கி, வந்தவர்களுக்குத் தேத்தண்ணிக் கோப்பை கழுவிக்கொண்டு ராசம்மா நின்றாள்.

"ராசம்மா" என்றான்.

சுலா ஓவென்று அழுதாள். "ஐயோ, பெரியம்மாவா? அம்மா எங்கப்பா?"

"செத்த வீட்ல இருக்கா."

"அம்மாவத் தனியா விட்டுறாதீங்கப்பா. ரெண்டு பேரும் ஒண்ணாவே இருந்தவங்க. அம்மா தாங்க மாட்டாங்க."

"இல்ல புள்ள, பாத்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டு மண்ணில் உட்கார்ந்துவிட்டான். மேளம் கிளம்பியது. யாரோ வந்து தூக்கித்தான் அவனைக் கூட்டிப்போனார்கள்.

மூன்றாம் நாள் விஷயத்தை ராசம்மாவிடம் ஒப்புக்கொண்டான்.

"ஏன் தம்பி, இத்தன பெரிய தோட்டத்துல வேற ஆளே கெடைக்கலையா?"

"எதிர்ல நின்னீங்கக்கா."

"சாக வேண்டியவ நாந்தானே. சரியாத்தான் சொல்லியிருக்கீங்க." முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "அது படிச்சு முடிக்கட்டும். அதுவரைக்கும் நான் செத்தே கெடக்கிறேன்."

அதன் பிறகு பொய்க்குமேல் பொய். லயத்துச் சனமும் வாயைக் கட்டிக்கொண்டது. அம்மா கிளினிக்குக்குப் போயிருக்கா. அம்மாவுக்குத் தொண்டை கட்டிக்கிச்சு. அம்மா அசந்து தூங்குறா. போனில் படம் தெரியவில்லை, கமரா உடைஞ்சிருச்சு. ஒன்பது நாள் ஓட்டினான். லீவுக்குப் பொய் சொல்லத் தெரியாதவனுக்கு இத்தனை எங்கிருந்து வந்தது என்று அவனுக்கே அருவருப்பாக இருந்தது. அங்கே சுலா மெல்ல நிமிர்ந்துகொண்டிருந்தாள். கடையில் அந்த ஊர் மொழி பேசித் தானே பாண் வாங்கினாள். வகுப்பில் அவளை எழுப்பி வாசிக்கச் சொன்னார்களாம், வாசித்தாளாம். "அம்மாகிட்ட மறக்காமச் சொல்லுங்கப்பா" என்பாள். சோலைமலை போனை வைத்துவிட்டு, மாரியாயி படத்துக்கு முன்னால் எரிகிற விளக்கிடம் போய் அதை ஒன்று விடாமல் சொல்வான்.

பத்தாம் நாள் மாலை. சோலைமலை பீலியில் குளித்துக்கொண்டிருந்தான். சோறு கொண்டுவந்த ராசம்மா உள்ளே வந்தபோது கட்டில்மேல் போன் கத்திக்கொண்டிருந்தது. பக்கத்து அறையில் கைக்குழந்தை தூங்குகிறது. சத்தத்தை நிறுத்தலாம் என்று எதையோ தேய்த்தாள். திரையில் கம்பளித் தொப்பி போட்ட சுலாவின் முகம் வந்து நின்றது.

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். ராசம்மாவுக்குப் போனைக் கீழே வைக்கக்கூடத் தோன்றவில்லை.

சுலா கத்தவில்லை. "பெரியம்மா, அப்ப அன்னைக்கு யாருக்குத் தப்பு அடிச்சாங்க?" என்று மட்டும் கேட்டாள்.

ஈரத் துண்டோடு உள்ளே வந்த சோலைமலை போனை வாங்கினான். ராசம்மா சுவரோடு சரிந்து தலையில் அடித்துக்கொண்டாள். இனி மறைக்க என்ன இருக்கிறது. குளவியிலிருந்து குழி மூடியதுவரை எல்லாவற்றையும் சொன்னான். மகள் அழுதாள், ஏசினாள். "எங்க அம்மாவ எங்கிட்ட இருந்து ஒளிச்சு வச்சீங்களே" என்றாள். அவன் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டான். நியாயம் அவள் பக்கம்தான்.

அவள் பின்னால் ஜன்னல் வழியே பனி கொட்டுவது தெரிந்தது.

"எனக்குப் பதிலா யாருப்பா வாய்க்கரிசி போட்டது?"

ராசம்மா போட்டாள் என்று சொல்லியிருக்கலாம். சொந்தக்காரப் பெண்கள் யார் பெயரையாவது சொல்லியிருக்கலாம். சோலைமலையிடம் பொய் தீர்ந்துபோயிருந்தது.

"யாரும் போடல புள்ள. மத்தவங்க போடவான்னு கேட்டாங்க. உன் இடத்துல வேற ஆள விட எனக்கு மனசு வரல."

சுலா தொப்பியை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அழுது ஓய்ந்து, தொப்பிக்குள்ளிருந்தே கேட்டாள். "அப்பா, நான் வந்துரவா?"

இத்தனை நாளில் அந்தக் கேள்வியை முதல்முறையாக அவனிடம் கேட்கிறாள். 'வா' என்று ஒரு எழுத்துப் போதும். அவனுக்கு மகள் வேண்டும். வெறும் வீட்டில் அவனால் இருக்க முடியவில்லை, சமைத்த சோறு தொண்டைக்குள் இறங்கவில்லை. அவள் வந்தால் அவள் மடியில் தலையை வைத்து ஒரு நாள் முழுக்க அழலாம். அது ஒன்றுதான் அவனுக்கு வேண்டியிருந்தது.

"நாளைக்கு கிளாஸ் எத்தன மணிக்குப் புள்ள?" என்று கேட்டான்.

சுலா தொப்பியை மேலே தள்ளிவிட்டு முகத்தைத் துடைத்தாள்.

"எட்டரைக்கு."

"அப்ப சாப்பிட்டுட்டுப் படு" என்றான் சோலைமலை.