காய்ச்சலுக்கு நான் சொன்ன சாட்சி

எங்கள் சபையில் பாட்டுக்கும் பிரசங்கத்துக்கும் நடுவே சாட்சி நேரம் உண்டு. அந்த வாரம் கர்த்தர் செய்த நன்மையை எழுந்து நின்று சொல்ல வேண்டும். வேலை கிடைத்தது, வயிற்றுக் கட்டி கரைந்தது, கம்பெனியில் ஆள் குறைத்தபோது தன் பெயர் மட்டும் தப்பியது என்றெல்லாம் சொல்வார்கள். சொல்லாமல் வைத்துக்கொண்டால் கிடைத்த நன்மை தங்காது என்று எங்களில் பலருக்கு ஒரு பயம். அப்படி யாரும் போதித்ததில்லை. ஆனாலும் அந்தப் பயம் எனக்கும் இருந்தது.

என் மகள் தேர்வாய் கண்டிகையில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறாள். காலை ஷிப்டுக்கு எங்கள் ஊர் ஆரம்பாக்கத்துக்கே வேன் வந்து ஏற்றிக்கொண்டு போகும். போன மழைக்காலத்தில் ஒரு நாள் அவளுக்குக் காய்ச்சல். நெற்றியைத் தொட்டுப் பார்த்து, போக வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். அதே தெருவில் இருந்த தோழிக்குப் போன் போட்டாள். அந்தப் பெண்ணுக்கு அன்று மதிய ஷிப்ட். இப்படி ஷிப்டை மாற்றிக்கொள்வது அவர்களுக்கு வழக்கம்தான்.

"பிரியாணி வாங்கித் தர்றதா இருந்தா போறேன். நீ மாத்திர போட்டுக்கினு தூங்குடி" என்று அவள் சிரித்தது எனக்கும் கேட்டது.

நெடுஞ்சாலை ஓரம் நின்றிருந்த லாரியின் மேல் வேன் மோதியது. மற்றவர்களுக்குக் கை கால் முறிவு. இறந்தது அந்தப் பெண் ஒருத்திதான். என் மகள் தினமும் உட்காரும் ஜன்னலோர சீட்டில்தான் அவள் உட்கார்ந்திருந்தாள்.

அடக்கம் முடிந்து மூன்றாவது ஞாயிறு நான் சாட்சி சொல்ல எழுந்தேன். மைக்கை வாங்கி, "அந்த வண்டியில் என் மகள் ஏறாதபடி நல்ல மேய்ப்பர் காய்ச்சலை அனுப்பித் தடுத்தார். தம்முடைய ஆட்டை அவர் பெயர் சொல்லி அறிந்திருக்கிறார்" என்றேன். சபை அல்லேலூயா என்றது. மனைவி பெண்கள் பக்கத்திலிருந்து கையை ஆட்டிக்கொண்டே இருந்தாள். இன்னும் விவரமாகச் சொல்லச் சொல்கிறாள் என்று நினைத்து, சீட்டைப் பற்றியும் சொன்னேன்.

நான் கவனிக்கவில்லை, இறந்த பெண்ணின் தாய் கடைசி வரிசையில், செருப்புகள் கிடந்த வாசலை ஒட்டி உட்கார்ந்திருந்தாள். அவர்கள் மாரியம்மனைக் கும்பிடுகிறவர்கள். கொஞ்சம் ஆறுதலாக இருக்கும் என்று யாரோ அன்றுதான் முதல் முறையாக அவளை எங்கள் கோயிலுக்குக் கூட்டி வந்திருந்தார்கள்.

ஆராதனை முடிந்ததும் வாசலில் என்னை நிறுத்தினாள். அழவில்லை.

"ண்ணா, உங்க மேய்ப்பரு ஆட்ட எண்ணும்போது எம்பொண்ண உட்டுட்டாரா? நாங்க வேற பட்டின்னா?"

என் மகள் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தாள். வீட்டில் துப்பட்டாவை மடித்துக்கொண்டே, "எனக்குக் காய்ச்ச குடுத்தாராம். அவளுக்கு இன்னா குடுத்தாரு? நான் போட்ட போனா?" என்றாள்.

அடுத்த ஞாயிறிலிருந்து அவள் வருவதில்லை. நாங்கள் வேதாகமத்தை எடுத்துக்கொண்டு கிளம்பும் நேரத்தில் அவள் அந்த அம்மாவின் வீட்டுக்குப் போய்விடுகிறாள். அங்கே காய் நறுக்குகிறாள், தண்ணீர் பிடிக்கிறாள் என்று தெருவில் சொன்னார்கள்.

போதகரிடம் போனேன். "அவர் கையிலிருந்து ஒரு ஆட்டையும் யாரும் பறிக்க முடியாது பிரதர். உங்க மக ஞானஸ்நானம் எடுத்த பிள்ள. எதுக்குக் கலங்குறீங்க?" என்றார்.

"அவளே இறங்கிப் போயிட்டா, ஐயா?"

"தேடிப் போவாரு. தொண்ணூத்தொம்பத உட்டுட்டு ஒண்ணத் தேடிப் போனவரு தானே?"

எத்தனையோ பிரசங்கங்களில் கேட்டதுதான். அன்று மட்டும் அந்தத் தொண்ணூற்றொன்பதைப் பற்றி யோசித்தேன். வனாந்தரத்தில் விட்டுவிட்டுத்தான் போகிறார். பொழுது சாய்ந்தால் அவற்றுக்கு யார்? இதை அவரிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்காகவும் ஜெபித்திருப்பார்.

இருபது வருடமாக கும்மிடிப்பூண்டி ரயிலில் சுவிசேஷக் கைப்பிரதி கொடுத்தவன் நான். ஷிப்ட் முடிந்து தூங்கி வழிகிறவர்களை எழுப்பி, "இன்னைக்கே செத்தா எங்க போவீங்க, தெரியுமா?" என்று கேட்டிருக்கிறேன். எனக்குத் தெரியும் என்ற தைரியத்தில் கேட்டேன். இப்போது அதே கேள்வி குளிக்கும்போது, பஸ்ஸுக்கு நிற்கும்போது எனக்குள் வருகிறது. என் இரட்சிப்பின் நிச்சயம் என்று நான் சொல்லிவந்தது, என் வீட்டில் சாவு விழாதவரை செல்லுபடியான ஒன்றுதானோ? அப்படியென்றால் என் மகளை மந்தையிலிருந்து விரட்டியது உலகமோ பிசாசோ இல்லை. மைக் பிடித்த நான்தான்.

போன ஞாயிறு ஆராதனையின் பாதியில் எழுந்து அந்த அம்மாவின் வீட்டுக்குப் போனேன். மகள் தரையில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"வாண்ணா, குந்து" என்றாள் அந்த அம்மா.

நான் உட்காரவில்லை. "என் பொண்ணு தப்பிச்சது எதனாலன்னு எனக்குத் தெரியலம்மா. அன்னைக்கு நான் சொன்னது தப்பு" என்றேன்.

"தெரியலன்னா எதுக்கு மைக்ல சொன்ன?"

வழியெல்லாம் மன்னிப்புக்கான வார்த்தைகளைத் தயார் செய்துகொண்டு வந்திருந்தேன். அதையெல்லாம் விட்டுவிட்டேன். மகளின் கை நின்றுவிட்டது.

"பயத்துலம்மா" என்றேன். "மறுநாளும் இவ வண்டி ஏறணுமே. சொல்லிட்டா மறுபடியும் காப்பாத்துவாருன்னு சொன்னேன்."

அந்த அம்மா அடுப்பைத் தணித்தாள். "அன்னைக்குக் காலைல நானும் எங்க அம்மனுக்குக் கற்பூரம் ஏத்திட்டுத்தான் அனுப்புனேன்" என்றாள். பிறகு என்னைப் பார்த்து, "போண்ணா. உங்க கோயில்ல இன்னும் முடிஞ்சிருக்காது" என்றாள்.

"வரியாம்மா?" என்று மகளைக் கேட்டேன்.

"நீ போப்பா. சாப்பாட்டுக்கு வரேன்."

கோயிலுக்குத் திரும்பிப் போகவில்லை. வீட்டுக்கு வந்து முழங்கால் போட்டேன். மேய்ப்பரே என்று கூப்பிட்டேன். அவளைத் தேடும் என்று கேட்பதா, அவளை எதற்குத் தப்புவித்தீர் என்று கேட்பதா, தெரியவில்லை. அவள் வந்து தட்டு எடுத்து வைக்கும் சத்தம் கேட்கும்வரை அப்படியே கிடந்தேன். சோறு போட்டுக்கொண்டு சுவரைப் பார்த்துச் சாப்பிட்டாள். மறுநாள் காலை வேன் வந்தது. ஏறிப் போனாள்.