ஜீப்பில் பூட்டிய குளிர்ப்பெட்டி

மடத்துவெளியில் சண்டையில் விழுந்த மின்கம்பங்களை யாரும் நிமிர்த்தாமல் விட்டு ஒரு வருடத்துக்கு மேலாகியிருந்தபோதுதான், ஜெர்மனியிலிருந்த மனைவியின் தம்பி அந்தக் குளிர்ப்பெட்டியை அனுப்பினான். கரண்ட் இல்லாத ஊருக்குப் பிரிட்ஜ்! கேட்டவர்கள் சிரித்தார்கள். ஆனால் அது வீட்டுச் சுவரில் செருகுவதல்ல, வாகனப் பற்றறியில் ஓடுவது. என்னிடம் ஒரு பழைய ஜீப் இருந்தது. நயினாதீவு, நெடுந்தீவு வள்ளங்களில் குறிகட்டுவானுக்கு வந்து இறங்கும் சனத்தை ஏற்றி யாழ்ப்பாணத்தில் விடுவது என் தொழில். தினமும் ஓடுகிற ஜீப் என்பதால் பற்றறி இறங்காது.

பெட்டி என் மனைவிக்காக வந்தது. சின்ன வயதிலிருந்தே அவளுக்குச் சீனி வருத்தம். இன்சுலின் ஊசி இல்லாமல் ஒரு கிழமை தாங்கமாட்டாள். கரண்ட் நின்ற நாள் முதல் குசினி மூலையில் ஒரு முட்டி நிறைய ஈரமணல் போட்டு, அதற்குள் மருந்துப் போத்தல்களைப் புதைத்து வைத்திருந்தாள். காலையும் மாலையும் மணலுக்குத் தண்ணீர் தெளிப்பாள். அந்த முட்டி ஒரு வருடத்துக்கு மேல் அவளைக் காப்பாற்றியது. அது எனக்கு அப்போது விளங்கவில்லை. எனக்கு அது வெறும் மண்முட்டி.

பெட்டியைப் பூட்ட மூன்று நாள் எடுத்தது. சனம் இருக்கிற பின்பக்க வாங்கில் ஒன்றை அரைவாசியாக அறுத்து இடம் எடுத்தேன். தளத்தில் நான்கு துளை போட்டு, குலுங்காமல் இருக்கப் பழைய ரியூப் ரப்பரை அடியில் வைத்து முறுக்கினேன். பற்றறியிலிருந்து நேராக வயர் இழுத்து நடுவில் பியூசும் போட்டேன். எல்லாம் முடித்து மூடியைத் திறந்தால், சனியன், நாலு விரல் உயரத்துக்கு மேல் திறக்காமல் கூரைக் கம்பியில் இடிக்கிறது. போத்தலை உள்ளே போடலாம், எடுக்க ஏலாது. கையிலிருந்த குறட்டை எறிந்துவிட்டு அன்று முழுக்க அந்தப் பக்கமே போகவில்லை.

மறுநாள் மூளை வேலை செய்தது. எங்கோ கிடந்த பழைய கந்தோர் இரும்பு அலுமாரியில் லாச்சி இழுபடுகிற சட்டங்கள் இரண்டைக் கழற்றிவந்து, அந்த நான்கு துளையிலும் பூட்டி, பெட்டியை அதன்மேல் ஏற்றினேன். இப்போது பின்கதவைத் திறந்து இழுத்தால் பெட்டி லாச்சி மாதிரி வெளியே வரும், மூடி முழுக்கத் திறக்கும். வந்த புழுகத்தில் அவளைக் கூப்பிட்டுப் பத்துத் தரம் இழுத்துக் காட்டினேன்.

"எனக்கு ஒரு நாளும் இப்பிடி ஒரு கதிரை செய்து தரேல்லை," என்றாள் சிரித்துக்கொண்டு. பிறகு மெதுவாக, "இஞ்சருங்கோ, முட்டியும் ஒரு பக்கத்தில கிடக்கட்டும்," என்றாள்.

"கண்டறியாத முட்டி! ஜெர்மன் பெட்டி வந்தாப்பிறகு உமக்கு மண்முட்டி கேக்குதோ?" என்று சொல்லி மணலை முருங்கை அடியில் நானே கொட்டினேன். அந்த எடுப்புக்கு என்னைச் செருப்பால் அடிக்கவேண்டும்.

பெட்டியில் ஒன்றிலிருந்து ஏழு வரை இலக்கம் போட்ட ஒரு திருகு இருந்தது. பெட்டியோடு வந்த புத்தகம் முழுக்க ஜெர்மன். மைத்துனன் கடிதத்தில், "மருந்துக்கு இரண்டிலேயே விடுங்கோ அத்தான்," என்று மட்டும் எழுதியிருந்தான். ஏன் என்று எழுதவில்லை. நானும் கேட்கவில்லை. இரண்டுக்கு நேரே சிவப்புப் பெயின்ரில் ஒரு பொட்டு வைத்தேன்.

இரண்டு மாதம் நன்றாகத்தான் போனது. ஒரு நாள் காலை பக்கத்து வளவுக்காரி படலையில் வந்து நின்றாள். அவளுடைய தகப்பன் கிழமைக் கணக்காகப் படுக்கையில் கிடந்தார்.

"அண்ணை, அப்பு ஐஸ் வேணுமெண்டு கேக்கிறார். ரெண்டு நாளா வேற ஒண்டும் வாயில வைக்கிறாரில்லை. உங்கட பெட்டியில ஏலுமோ?"

சாகக் கிடக்கிறவர் வாய்விட்டுக் கேட்டதை எங்கள் பக்கத்தில் யாரும் மறுக்கமாட்டார்கள். கேட்டது கிடைக்காவிட்டால் சீவன் போகாமல் இழுபடும் என்பார்கள். காலமில்லாத காலத்தில் மாம்பழம் தேடிக் கடல் கடந்து போனவர்களை எனக்குத் தெரியும். என் மனைவியும் பின்னால் நின்று, "குடுங்கோ, பாவம் மனுசன்," என்றாள்.

ஒரு பேணி தண்ணீரை உள்ளே வைத்துத் திருகை ஏழில் விட்டேன். மருந்துப் போத்தல்கள் மூன்றும் அதற்குள்தான் இருந்தன. எடுத்து வேறெங்கே வைப்பது? முட்டியைத்தான் கொட்டிவிட்டேனே. உண்மையைச் சொல்கிறேன், எடுக்கவேண்டும் என்று தோன்றவேயில்லை. குளிர் மருந்துக்கு நல்லதென்றால் கூடக் குளிர் இன்னும் நல்லது என்று நினைத்த விசரன் நான்.

குறிகட்டுவானுக்குப் போய், அங்கிருந்து யாழ்ப்பாணம் ஓடி, பின்னேரம் வீடு திரும்பிப் பெட்டியை இழுத்தேன். பேணித் தண்ணீர் கல்லாகியிருந்தது. போத்தல்களும் வெள்ளையாய் விறைத்திருந்தன. அவற்றைக் கைக்குள் பொத்திப் பிடித்தேன். கொஞ்ச நேரத்தில் இளகி, மருந்து கிணற்றுத் தண்ணீர் மாதிரித் தெளிந்துவிட்டது. திருகைச் சிவப்புப் பொட்டுக்குத் திருப்பி, போத்தல்களைத் திரும்ப உள்ளே வைத்தேன்.

ஐஸை உடைத்துக் கொடுத்தேன். பக்கத்து வளவுக்காரி பேணியை மார்போடு அணைத்துக்கொண்டு ஓடினாள். சிந்திய துண்டொன்றை என் மனைவி எடுத்து வாயில் போட்டுக் கண்ணை மூடினாள். "எனக்கு ஒருத்தரும் வேண்டாமெண்டு சொல்லாத இனிப்பு இது ஒண்டுதான்," என்றாள்.

கிழவர் மறுநாள் காலை போய்விட்டார். செத்த வீட்டில் இவளும் ஓடியாடி நின்றாள். மூன்றாம் நாள் தாகம் தொடங்கியது. செம்பு செம்பாகக் குடித்தாள். அலைச்சல் என்றேன். ஊசியின் அளவைக் கூட்டிப் போட்டாள், தாகம் அடங்கவில்லை. பிறகு சத்தி, குடித்த தண்ணீரும் வெளியே வந்தது. நான் ஜீப்பை எடுக்க, வேலணைக்கு அங்கால் சண்டை, பாதை மூடியாயிற்று, ஒரு வாகனமும் விடுகிறார்களில்லை என்று வழியிலேயே திருப்பி அனுப்பினார்கள். மூன்று நாள் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த மூன்று நாளும் நேரம் தவறாமல், பெட்டியை இழுத்து, மூடியைத் திறந்து, மருந்தை நானே எடுத்துக் கொடுத்தேன்.

பாதை திறந்த காலை ஜீப்பின் பின்னால் பாய் விரித்து அவளைப் படுக்கவைத்தேன். மண்கும்பான் ஊரைத் தாண்டும்போது பெட்டியில் கைவைத்து, "இதுக்குள்ள ஐஸ் கிடக்கோ?" என்று கேட்டாள்.

"பேசாமல் கிடவும்!" என்று கத்தினேன். பயத்தில் எனக்குக் கோபம்தான் வரும். அவள் கையை எடுத்துவிட்டாள்.

ஆசுபத்திரியில் இளம் டொக்டர் ஒருவர், "மருந்தை எங்க வைச்சிருந்தனீங்கள்?" என்று கேட்டார்.

"பிரிட்ஜில, ஐயா. ஜீப்பிலேயே பூட்டி வைச்சிருக்கிறன்." அந்த நேரத்திலும் எனக்குப் பெருமை.

"ஒருக்காலும் உறையேல்லையே?"

"ஒரே ஒரு நாள்..."

அவர் பேனையைக் கீழே வைத்தார். "உறைஞ்சா அதுக்குப் பிறகு அது வேலை செய்யாது. இவ்வளவு நாளும் நீங்கள் ஏத்தினது தண்ணி, அண்ணை."

புது மருந்து ஏற்றினார்கள். பிந்திவிட்டது. இடையில் ஒரு தரம் கண் திறந்து, "டொக்டர் என்னவாம்?" என்று கேட்டாள். "ஒண்டுமில்லை, பழைய மருந்தாம்," என்றேன். கட்டின மனுசியிடம் நான் சொன்ன கடைசி வார்த்தை பொய். இரண்டாம் நாள் போய்விட்டாள். கிழவர் போய்ப் பதினொரு நாள்.

பெட்டியைக் கழற்றி வீசினேன். தளத்தில் நான்கு துளையும் மிஞ்சின. ஓடும்போது அவற்றால் புழுதி ஏறுகிறது என்று ஏறுகிற சனமெல்லாம் குறை சொன்னார்கள். அடைக்க எனக்கு மனம் வரவில்லை. நடந்ததை யாரிடமும் சொல்லவும் இல்லை.

அடுத்த வருடம் தகப்பனின் திவசத்துக்குப் பக்கத்து வளவுக்காரி வாழையிலை மூடிச் சோறு கொண்டுவந்தாள். "அண்ணை, அப்பு உங்கட ஐஸைச் சூப்பிக்கொண்டு சிரிச்சவர். அந்தப் புண்ணியம் உங்களுக்குத்தான்," என்றாள். வாங்கி வைத்தேன்.

பதினொரு நாள் கழித்து என் வீட்டுத் திவசம். வந்த சோற்றுக்குச் சோறு கொடுக்கவேண்டும், அதுதான் முறை. கொண்டுபோனேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்: "நல்லா ஓடித் திரிஞ்ச அக்கா. என்ன வந்ததெண்டு கடைசிவரைக்கும் தெரியேல்லை என்ன, அண்ணை?"

"ஓம்," என்றேன்.